நன்றாக விடுகிற கிளட்ச் வேண்டும்

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் ஜெர்மனியில், கொலோன் நகரில் வேலை பார்க்கிறேன். என்னிடம் 1982ஆம் வருடத்து போர்ஷே 911 எஸ்சி இருக்கிறது. 3 லிட்டர் எஞ்சின், 204 குதிரைத்திறன். எஞ்சினில் இதுவரை எந்த மாற்றமும் செய்யவில்லை. வருடத்துக்கு ஐந்தாறு நாள் நியூர்பர்க்ரிங்கிலும் பெல்ஜியத்தின் ஸ்பாவிலும் டிராக்கில் ஓட்டுவேன். வீட்டிலிருந்து போவதும் திரும்புவதும் இதே காரில்தான். இந்த சீசனில், நியூர்பர்க்ரிங்கின் நீளமான பழைய சுற்றான நோர்ட்ஷ்லைஃபேயின் கெஸல்ஷென் ஏற்றத்தில் நான்காவது கியரில் முழுதாக மிதித்தால் ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. கருகிய வாடை வேறு. இரண்டாவது கியருக்கு இறக்கும்போது கரகரவென்று சத்தம் கேட்கிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ‘ஸ்டேஜ் 3’ கிளட்ச் போடச் சொல்கிறார்கள்: சின்டர் (சுட்டு இறுக்கிய உலோகத்தூள்) பட்டன் வைத்த பிளேட், அந்தப் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் கடினமான பிரஷர் பிளேட், எஞ்சினோடு சுழலும் சக்கரமான ஃப்ளைவீலில் எடை குறைத்த வகை. நண்பர் ஒருவர், ரேஸ் கார்களில் வருகிற இரட்டைப் பிளேட் கிளட்சையே போட்டுவிடு என்கிறார். எதைப் போடுவது?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு நோய் இருக்கிறது. கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அதாவது பிடிக்காமல் வழுக்குகிறது என்பது ஒன்று. இரண்டாவது கியர் கரகரக்கிறது என்பது இன்னொன்று. ஒர்க்‌ஷாப்பில் முதல் நோய்க்கு மட்டும் மருந்து எழுதியிருக்கிறார்கள். அந்த மருந்து இரண்டாவது நோயை முற்ற வைத்துவிடும் என்பதுதான் என் பயம். அதனால் எந்த கிளட்ச் என்பதற்கு முன்னால், அந்த கிளட்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கியர்பாக்ஸைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும்.

உங்கள் காரில் இருப்பது 915 கியர்பாக்ஸ். 1972 மாடலில் வந்தது, 1986 மாடலோடு முடிந்தது. 1987இல் அந்த இடத்துக்கு ஜி50 வந்தது. 915இல், கியர் விழும் முன் வேகங்களைச் சமப்படுத்தும் சிங்க்ரோ ரிங்குகள் போர்ஷேயின் சொந்த வகை. பொறுமையான கைக்கு அவை நன்றாகவே வேலை செய்யும், அவசரப்பட்டால் தேய்ந்துவிடும். முதலில் போவது பெரும்பாலும் ஒன்றாவது, இரண்டாவது கியர்களின் ரிங்குகள்தான். நீங்கள் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கிளட்ச் பிளேட், இன்புட் ஷாஃப்ட், அதோடு சுழலும் பற்சக்கரங்கள் எல்லாவற்றையும் அந்தச் சின்ன ரிங் ஒரு நொடிக்குள் புதிய வேகத்துக்கு இழுத்துக்கொண்டு வரவேண்டும். பிளேட் முழுதாக விடுபட்டிருந்தால் அது முடியும் காரியம். பிளேட் கொஞ்சமாவது ஃப்ளைவீலோடு உரசிக்கொண்டிருந்தால், அந்த ரிங் எஞ்சினோடு மல்லுக்கட்டுகிறது. அதில் ஜெயிப்பது எஞ்சின்தான்.

சில வருடங்களுக்கு முன் என் பட்டறைக்கு ஒரு எஸ்சி வந்தது. உங்களுடையதைப் போலவே தெருவிலும் டிராக்கிலும் ஓடிய கார். வேறோர் இடத்தில் கடினமான பிரஷர் பிளேட்டும் பட்டன் பிளேட்டும் போட்டிருந்தார்கள். ஒரே சீசன்தான். இரண்டாவது கியர் விழவே மறுத்தது, விழுந்தாலும் தானாகக் கழன்றுகொண்டது. எஞ்சினை இறக்கிப் பார்த்தேன். கிளட்ச் புதிது போலப் பளபளத்தது. கியர்பாக்ஸைப் பிரித்தால் இரண்டாவது கியரின் ரிங் மழுங்கிப்போய், பக்கத்துப் பற்களின் முனைகள் உருண்டைக் கற்கள் மாதிரி தேய்ந்திருந்தன. அந்த மனிதர் கிளட்சைக் காப்பாற்ற கியர்பாக்ஸைப் பலி கொடுத்திருந்தார். கியர்பாக்ஸ் வேலைக்கு ஆகும் செலவோ கிளட்ச் செட் விலையைப்போலப் பல மடங்கு. அன்றிலிருந்து 915 உள்ள காருக்கு யார் கிளட்ச் கேட்டாலும், அது எவ்வளவு பிடிக்கும் என்பதை இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். எவ்வளவு சுத்தமாக விடும் என்பதே முதல் கேள்வி.

சரி, பிடிப்புக் கணக்கையும் போட்டுவிடுவோம். உங்கள் எஞ்சின் தருவது ஏறக்குறைய 265 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. உங்கள் கிளட்ச் 225 மில்லிமீட்டர் விட்டம் உள்ளது. பிளேட்டின் முகங்களில் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனிங்கின் சராசரி ஆரத்தைச் சுமார் 94 மில்லிமீட்டர் என்று வையுங்கள். சாதாரண ஆர்கானிக் லைனிங்கின் உராய்வுக் குணகம் 0.3. பிளேட்டுக்கு இரண்டு முகம். பிரஷர் பிளேட் 7000 நியூட்டன் விசையோடு, அதாவது 700 கிலோவுக்குச் சற்று மேல் பாரம் வைத்தது போல அழுத்தினால், இவற்றை எல்லாம் பெருக்கிப் பாருங்கள்: 395 நியூட்டன் மீட்டர் வரும். எஞ்சின் தருவதைப்போல ஒன்றரை மடங்கு. இது புரிவதற்காகப் போட்ட கணக்குதான், ஒவ்வொரு செட்டுக்கும் எண்கள் கொஞ்சம் மாறும். ஆனாலும் விஷயம் தெளிவு: நல்ல நிலையில் இருக்கும் சாதாரண கிளட்சே உங்கள் எஞ்சினுக்குப் போதும்.

என் கணக்கை நம்பவேண்டாம், போர்ஷே செய்ததையே பாருங்கள். எஸ்சிக்குப் பின் 1984இல் வந்த கரேரா 3.2வின் எஞ்சின் 284 நியூட்டன் மீட்டர் தந்தது. 1986 வரை அதற்கும் இதே 915 கியர்பாக்ஸ், இதே 225 மில்லிமீட்டர் கிளட்ச்தான். உங்களுடையதைவிட வலுவான எஞ்சினுக்கே அந்த அளவு போதுமாக இருந்திருக்கிறது.

அப்படியானால் உங்கள் கிளட்ச் ஏன் ஸ்லிப் ஆகிறது? வலு போதாததால் அல்ல, ஏதோ கெட்டுப்போயிருக்கிறது. இங்கேதான் உங்கள் கடிதம் எனக்குச் சுவாரசியமாகிறது. பெடலையும் கிளட்சையும் இணைக்கும் கேபிளில் இருக்கவேண்டிய இடைவெளி இல்லாமல் போனால், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் எப்போதும் விசைக்கு உட்பட்டே இருக்கும், கிளட்ச் ஸ்லிப் ஆகும். இடைவெளி அதிகமானால் கிளட்ச் முழுதாக விடாது, கியர் கரகரக்கும். இறுக்கினால் ஒன்று, தளர்த்தினால் மற்றொன்று. இரண்டும் ஒரே சமயத்தில் வருகிறது என்றால் வெறும் அட்ஜஸ்ட்மென்ட் கோளாறாக இருக்க வாய்ப்புக் குறைவு. இருந்தாலும் முதலில் அளந்து பாருங்கள், அதற்குக் காசு செலவில்லை. 1978க்குப் பிந்தைய கார்களில் கியர்பாக்ஸ் பக்கம் ஒரு துணை ஸ்பிரிங் இருப்பதால், பெடலை விரலால் தட்டிப்பார்த்து இடைவெளியைக் கண்டுபிடிக்க முடியாது. காருக்கு அடியில் போய், கியர்பாக்ஸ் பக்கத்து லீவரில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து, சர்வீஸ் கையேட்டில் சொன்ன அளவோடு ஒப்பிடவேண்டும்.

அடுத்து ரிவர்ஸ் சோதனை. எஞ்சின் சூடாக, ஐட்லிங்கில் ஓடட்டும். கிளட்சை முழுதாக மிதித்து நான்கைந்து நொடி காத்திருந்து ரிவர்ஸைப் போடுங்கள். ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது, அதனால் அது பொய் சொல்லாது. சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் நன்றாக விடுகிறது, இரண்டாவது கியரின் சிங்க்ரோதான் போயிருக்கிறது. கரகரத்தால் கிளட்ச் விடவில்லை.

எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது, அதுவே பலமான சந்தேகம். எஸ்சி மாடல்களுக்கு ஆலையிலிருந்து வந்த கிளட்ச் பிளேட்டின் நடுவில் எஃகு ஸ்பிரிங்குகளுக்குப் பதில் ரப்பர் வைத்திருந்தார்கள். குறைந்த வேகத்தில் கியர்பாக்ஸ் கடகடப்பதை அடக்குவதற்காகச் செய்த ஏற்பாடு. நல்ல எண்ணம்தான், ஆனால் வருடங்கள் போகப் போக ரப்பர் வெடித்துத் துண்டு துண்டாகக் கழன்று விழும். ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது பின்னாலிருந்து ‘டொக்’ என்று ஓர் உதை வருகிறதா? வந்தால் ரப்பர் போய்விட்டது என்று எண்ணிக்கொள்ளலாம். கழன்ற துண்டு பிளேட்டுக்கு இடையில் மாட்டினால், கிளட்ச் முழுதாகப் பிடிக்கவும் செய்யாது, முழுதாக விடவும் செய்யாது. உங்கள் இரண்டு நோய்க்கும் அந்த ஒரு துண்டே காரணமாக இருக்கலாம். பெரும்பாலான எஸ்சிகளில் இதற்குள் ஸ்பிரிங் வைத்த பிளேட் மாற்றியிருப்பார்கள். உங்கள் காரின் பழைய பில்களைப் பாருங்கள். கிளட்ச் மாற்றியதற்கான தடயம் இல்லை என்றால், உள்ளே ரப்பர்தான் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

மூன்றாவது காரணம் எண்ணெய். எஞ்சின் பக்கம் ஃப்ளைவீலுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீல், அதற்குக் கீழே இடைஷாஃப்டின் மூடி, கியர்பாக்ஸ் பக்கம் இன்புட் ஷாஃப்ட் சீல் ஆகிய மூன்றில் எது கசிந்தாலும் லைனிங் நனையும். இவற்றைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த கிளட்ச் போட்டாலும் அடுத்த சீசனில் எனக்கு மறுபடி கடிதம் எழுதுவீர்கள்.

இனி உங்கள் கேள்வி. முதலில் அந்த ‘ஸ்டேஜ் 3’. இந்த எண்களுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு தயாரிப்பாளரின் ஸ்டேஜ் 2 இன்னொருவருக்கு ஸ்டேஜ் 3. எண்ணைக் கேட்காதீர்கள். எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும், என்ன லைனிங், நடுவில் ஸ்பிரிங் உண்டா, பெடல் எவ்வளவு கடினமாகும் என்று நான்கு கேள்வி கேளுங்கள். பதில் வராத இடத்தில் வாங்கவேண்டாம்.

சின்டர் பட்டன் பிளேட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஆர்கானிக் லைனிங் ஏறக்குறைய 250 டிகிரியைத் தாண்டினால் பிடிப்பை இழக்கத் தொடங்கும். செம்புத் தூளைச் சுட்டு இறுக்கிய சின்டர் பட்டன்கள் அதைவிடப் பல நூறு டிகிரி அதிகம் தாங்கும். நின்ற இடத்திலிருந்து சீறிப் பாய்ந்து தொடங்கும் ரேஸ்களுக்கு அது வேண்டியதுதான், கிளட்ச் பயங்கரமாகச் சூடாவது அந்த ஒரு சில நொடியில்தானே. ஆனால் டிராக் டேயில் அப்படி ஒரு தொடக்கமே இல்லை. பிட் லேனிலிருந்து மெதுவாக உருண்டு வெளியேறுகிறீர்கள். அதன்பிறகு நோர்ட்ஷ்லைஃபேயின் 20.8 கிலோமீட்டர் சுற்று முழுக்க, கியர் மாற்றும் கணங்களைத் தவிர, கிளட்ச் பூட்டியபடியே இருக்கிறது. கார் கியரில் ஓடும்போது கிளட்ச் தேய்வதில்லை. அப்படியிருக்க, இல்லாத சூட்டுக்கு எதற்கு மருந்து?

பட்டன் பிளேட்டுக்கு வேறு விலையும் கொடுக்கவேண்டும். சாதாரண பிளேட்டில் இரண்டு லைனிங்குக்கும் நடுவே அலை அலையான மெல்லிய எஃகுத் தகடு இருக்கும். கிளட்சை விடும்போது அது அமுங்கி அமுங்கிப் பிடிப்பை மெதுவாக ஏற்றும். பட்டன் பிளேட்டுகளில் பெரும்பாலும் அது கிடையாது. தொட்டதும் கவ்வும். கொலோன் நெரிசலில் பாதி கிளட்சில் ஊர்ந்து போகவே முடியாது. நடுவில் ஸ்பிரிங்கும் இல்லாத வகை என்றால், ஒவ்வொரு அதிர்ச்சியும் நேராகக் கியர்பாக்ஸ் பற்களில் போய் இறங்கும். இரண்டாவது கியர் ஏற்கெனவே முனகிக்கொண்டிருக்கும் பெட்டிக்கு நான் இதைப் போடவே மாட்டேன்.

இரட்டைப் பிளேட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 184 மில்லிமீட்டர், 140 மில்லிமீட்டர் விட்டங்களில் வருகிற அந்த ரேஸ் கிளட்சுகள் அருமையான பொருள்தான். எடை குறைவு, சுழலும் நிறையும் குறைவு. ஆனால் பெடலின் மிகக் குறுகிய அசைவுக்குள் எல்லாம் முடிந்துவிடும். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகிற காருக்கு அது. நீங்கள் ஓட்டிக்கொண்டு போகிறீர்கள்.

இப்போது கடினமான பிரஷர் பிளேட். 911இல் எஞ்சின் பின்னால், பெடல் முன்னால். நடுவே கார் முழு நீளத்துக்கும் ஓடுகிற ஒரு கேபிள். ஜி50 வந்த பிறகுதான் ஹைட்ராலிக் கிளட்ச் வந்தது. உங்கள் கால் கொடுக்கும் அசைவில் ஒரு பங்கு பெடல் அச்சின் தேய்ந்த புஷ்களிலும், ஒரு பங்கு கேபிளின் இழுவையிலும், ஒரு பங்கு ரிலீஸ் பேரிங்கை நகர்த்தும் ஃபோர்க்கின் தேய்மானத்திலும் கரைந்துதான் பிளேட்டுக்குப் போய்ச் சேர்கிறது. பிரஷர் பிளேட்டின் விசையைக் கூட்டினால் இந்த இழப்பு எல்லாம் கூடும். பெடல் தரையைத் தொட்டிருக்கும், பிளேட் இன்னும் விட்டிருக்காது. நான் முன்பு சொன்ன காரில் நடந்தது இதுதான். அங்கே கிளட்ச் தவறவில்லை, அதை இழுக்கும் இந்தப் பெடல், கேபிள், ஃபோர்க் சங்கிலி போதவில்லை.

ஆகவே என் தீர்ப்பு: சாக்ஸ் (Sachs) போன்ற நல்ல நிறுவனம் செய்த 225 மில்லிமீட்டர் செட், ஆர்கானிக் லைனிங், நடுவில் எஃகு ஸ்பிரிங் வைத்த பிளேட். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும் ஒரே செட்டாக வாங்குங்கள், தனித்தனியாகச் சேர்க்கவேண்டாம். பின்னால் எஞ்சினில் வேலை செய்கிற யோசனை இருந்தால், சற்றே கூடுதல் அழுத்தமுள்ள ஸ்போர்ட் பிரஷர் பிளேட் வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். உங்களுக்கு உண்மையான ‘அப்கிரேட்’ கிளட்சில் இல்லை, அதை இழுக்கும் சங்கிலியில் இருக்கிறது. புதிய கேபிள் போடுங்கள். பெடல் அச்சின் பிளாஸ்டிக் புஷ்களைக் கழற்றி வெண்கல புஷ் போடுங்கள். ஃபோர்க்கையும் அதன் ஷாஃப்ட் புஷ்களையும் பாருங்கள். கிளட்ச் செட்டோடு ஒப்பிட்டால் இவற்றின் விலை சொற்பம், ஆனால் முதல் நாள் இரண்டாவது கியர் போடும்போதே வித்தியாசம் கைக்குத் தெரியும். தரையில் பெடலுக்கு ஒரு தடுப்பு இருக்கிறது, அதையும் சரியாக வையுங்கள். தேவைக்கு மேல் மிதித்தால் பிரஷர் பிளேட்டில் இருக்கும் டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் கெட்டுப்போகும்.

ஃப்ளைவீலில் உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. எடை குறைந்தால் எஞ்சின் சட்டென்று மேலே ஏறும், கியர் இறக்கும்போது ஒரு ரேஸ் கொடுத்து வேகத்தைச் சமப்படுத்துவது எளிது. ஆனால் உங்கள் எஞ்சினில் இருப்பது கே-ஜெட்ரானிக். காற்று ஒரு தட்டைத் தூக்க, அந்தத் தட்டு பெட்ரோலை அளந்துவிடுகிற இயந்திர ஏற்பாடு. ஃப்ளைவீல் மிக லேசானால் ஐட்லிங் ஆடும், சிக்னலில் வந்து நிற்கும்போது எஞ்சின் அணையும். இப்போது இருப்பதைக் கழற்றி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நீலம் பாய்ந்த புள்ளிகள் இருந்தால் லேத்தில் ஃபேஸிங் போட்டுத் திரும்ப மாட்டுங்கள். ஒன்பது போல்ட்டுகளும் புதிதாக இருக்கட்டும். (இதைப் படிக்கும் கரேரா 3.2காரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் எஞ்சின் ஃப்ளைவீலில் இருந்துதான் வேகத்தையும் நிலையையும் அறிகிறது. சென்சாருக்கான குறியூசி இல்லாத ஃப்ளைவீலை மாட்டினால் கார் ஸ்டார்ட்டே ஆகாது.)

911இல் கிளட்ச் மாற்ற எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே இறக்கவேண்டும். அந்த உழைப்பை இரண்டு முறை செய்யாதீர்கள். மேலே சொன்ன மூன்று சீல்களும், ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங்கும் கட்டாயம் மாறட்டும். பைலட் பேரிங் காய்ந்துபோனாலும் இன்புட் ஷாஃப்டை எஞ்சினோடு இழுக்கும், கிளட்ச் விடாதது போலவே இருக்கும். பிளேட் ஏறி உட்காரும் இன்புட் ஷாஃப்டின் ஸ்ப்லைனுக்கு (நீளவாக்குப் பற்களுக்கு) கிரீஸை விரல் நுனியில் தொட்டு மெல்லிய படலமாக மட்டும் தடவச் சொல்லுங்கள். அள்ளிப் பூசினால் அது சுழன்று தெறித்து லைனிங்கில் போய் ஒட்டும். ரிவர்ஸ் சோதனை சிங்க்ரோவைக் குற்றம் சொன்னால், எஞ்சின் கீழே இருக்கும்போதே கியர்பாக்ஸையும் பிரித்துவிடுங்கள். செலவு வலிக்கும், தெரியும். ஆனால் தேய்ந்த ரிங்கை வைத்துக்கொண்டு இன்னொரு சீசன் ஓட்டினால் பற்களும் சேர்ந்து போகும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். உள்ளே இருப்பது 1982ஆம் வருடத்துப் பிளேட்டாகவே இருந்தால் அதன் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஜெர்மனியில் அதற்குத் தடை வந்ததே 1993இல்தான். கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல்ஹவுசிங்குக்குள் படிந்திருக்கும் கருப்புத் தூளைக் காற்று அடித்து ஊதவே கூடாது. நனைத்துத் துடைத்து, முகமூடி போட்டு எடுக்கவேண்டும். நீங்கள் வீட்டில் நண்பர்களோடு சேர்ந்து செய்வதாக இருந்தால், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

புது கிளட்ச் போட்டதும் நேராக ஸ்பாவுக்குப் போகவேண்டாம். 500 முதல் 800 கிலோமீட்டர் வரை சாதாரணமாக, நகரத்துக்குள்ளும் ஓட்டி லைனிங் படியட்டும். அதன்பிறகு இடைவெளியை மறுபடி அளந்து சரிசெய்யுங்கள்.

டிராக்கில் உங்கள் கையையும் கொஞ்சம் மாற்றவேண்டும். ஸ்பாவின் லா சோர்ஸ் வளைவுக்கு வரும்போது எல்லோரும் பிரேக் போட்டபடியே இரண்டாவது கியருக்கு அவசரமாக இறக்குகிறார்கள். எஞ்சின் அப்போது இன்னும் உயர்ந்த வேகத்தில் இருக்கிறது, பாவம் அந்த ரிங். முதலில் வேகத்தைக் குறையுங்கள். நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்தி, கிளட்சை விட்டு ஒரு ரேஸ் கொடுத்து, மறுபடி மிதித்து லீவரைத் தள்ளாமல் அழுத்திக்கொண்டிருங்கள். அது தானாக உள்ளே போகும். பெடல்கள் தரையிலிருந்து முளைப்பதால் குதிகாலால் ஆக்சிலரேட்டரைத் தொடப் பழகக் கொஞ்ச நாள் ஆகும். தெருவில், சிக்னலுக்கு வரும் ஒவ்வொரு முறையும் பழகுங்கள்.

இந்த வாரம் ரிவர்ஸ் சோதனையையும், அந்த ‘டொக்’ உதை வருகிறதா என்பதையும் பார்த்து எனக்கு எழுதுங்கள். அதுவரை அந்த ‘ஸ்டேஜ் 3’ செட்டுக்கு முன்பணம் கொடுக்கவேண்டாம். கெஸல்ஷென் ஏற்றத்திலும் முழுதாக மிதிக்கவேண்டாம். ஸ்லிப் ஆகும் ஒவ்வொரு நொடியும் உங்கள் ஃப்ளைவீலைச் சுட்டுக்கொண்டிருக்கிறது.

அன்புடன்,
உங்கள் அண்ணன்